போர்மனுக்குச் செய்த மார்புக் கவசம்

மூன்றாவது தகடும் கிழிந்த அன்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கராஜுக்கு வெளியே போய்ப் பனியில் நின்றேன். வெண்கலம் கிழியும்போது பெரிதாகச் சத்தம் போடாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே சுத்தியலின் ஓசை ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மாறிவிடும். முதலில் மணி மாதிரிக் கேட்டது பிறகு ஓட்டைச் சட்டி மாதிரிக் கேட்கும். அந்த மாற்றம் காதில் விழுந்தால் பிறகு பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்ப்பேன். வட்டத்தின் ஓரத்தில் தலைமயிர் அளவு ஒரு கோடு ஓடியிருக்கும்.

மனைவி சமையலறை யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "உள்ளுக்கு வாங்கோ. தடிமன் பிடிக்கப்போகுது," என்றாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நான் நின்ற விதத்திலேயே அவளுக்கு விளங்கியிருக்கும்.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு மார்புக் கவசம். ரோமர்கள் பெரிய ஆட்களாக வருவதற்கு முன்பு இத்தாலியின் மலைப்பக்கங்களில் இருந்த சனங்கள் சண்டைக்குப் போகும்போது அணிந்தது. மூன்று வட்டங்களைச் சேர்த்து ஒட்டியதுபோல ஒரு வெண்கலத் தகடு. மேலே இரண்டு வட்டம், கீழே ஒன்று. நெஞ்சுக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒரு தகடு. இரண்டையும் தோளிலும் விலாவிலும் சின்னப் பட்டைகள் இணைக்கும். இவ்வளவுதான். சொல்லும்போது இலேசாக இருக்கிறது.

எனக்கு இத்தாலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. இந்த வேலையை என்னிடம் கொண்டுவந்தவர் எங்கள் போர்மன், வேலையில் எனக்கு மேற்பார்வையாளர். ஸ்காபரோவில் உணவகங்களின் அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் கூடுகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்கிறேன். எல்லாம் நேர்க்கோடு, எல்லாம் மெஷின். தகட்டைக் கொடுத்தால் அதுவே வெட்டும், அதுவே மடிக்கும். போர்மன் இத்தாலியர். சின்னப் பையனாகத் தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவர். உரத்துக் கதைப்பார், உரத்துச் சிரிப்பார். நான் வாய் திறப்பது குறைவு. அதனாலோ என்னவோ மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு அவர் கதைப்பார், நான் கேட்பேன்.

கனடாவுக்கு வருவதற்கு முன்னர் சில வருடங்கள் தமிழ்நாட்டில் அகதியாக இருந்தபோது, கோயில்களுக்குச் சாமிக் கவசம் அடிக்கிற பட்டறை ஒன்றில் நான் வேலை பழகினேன். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எப்போதாவது கோயில்காரர் கூப்பிடுவார்கள். நெளிந்த தகட்டை நிமிர்த்தவேண்டும், உடைந்த கொளுக்கியை ஒட்டவேண்டும் என்பார்கள். ஒருமுறை ஒரு பிள்ளையாருக்கு வெள்ளியில் முழுக் கவசமே செய்து கொடுத்தேன். அதன் படம் என் போனில் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போர்மன் அதைப் பார்த்துவிட்டார். கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன்னுடைய போனை எடுத்து, மூன்று வட்டம் உள்ள அந்தத் தகட்டைக் காட்டினார். தன் தகப்பனின் ஊர்ப்பக்கத்து மலைகளில் தோண்டி எடுப்பது இது என்றார். நீ சாமிக்குச் சட்டை செய்கிறாய், எனக்கும் ஒன்று செய்து தா என்றார்.

அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொரு கோடையிலும் நகரத்துக்கு வடக்கே ஒரு வெளியில் கூடுவார்களாம். அந்தப் பழைய சனங்களைப்போல உடுத்து, ஈட்டியும் கேடயமும் பிடித்து, அவர்கள் எப்படிச் சண்டை பிடித்தார்கள் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவார்களாம். மற்றவர்களுடைய கவசமெல்லாம் இணையத்தில் வாங்கியது, மெஷினில் அழுத்தி எடுத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. உண்மையான ஒன்றைப் பார்த்து, கையால் அடித்தது வேண்டும். வருகிற கோடையோடு அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மேற்கே கல்கரியில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். ஆகவே இதுதான் அவருக்குக் கடைசித் தடவை.

கோயிலுக்கு வெளியே இந்த நாட்டில் என்னிடம் ஒருவர் கையால் ஒரு பொருள் அடித்துத் தா என்று கேட்டது அதுவே முதல்முறை. அவர் போவதற்கு முன், அந்த வெளியில், என் தகட்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவர் அடுத்த கிழமையே வெண்கலத் தகடு வாங்கிக்கொண்டு வந்து தந்தார்.

அப்படியான கவசம் ஒன்று நகரத்தில் ஒரு மியூசியத்தில் இருந்தது. போர்மன் பலமுறை எழுதிக் கேட்டு, அதைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே எடுத்துப் பார்க்க ஒரு மணித்தியாலம் அனுமதி வாங்கினார். இருவரும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போனோம். அதற்குப் பொறுப்பான ஒரு பெண் நீலக் கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளைப் பஞ்சுத் தட்டில் வைத்து அதைக் கொண்டுவந்தாள். பச்சையும் மண்ணிறமுமாக இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. போர்மனின் நெஞ்சில் பாதியைக்கூட மூடாது. முன்பக்கத் தகடும் ஒரு விலாப் பட்டையும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. நாங்கள் தொடக்கூடாது, ஆனால் எதுவும் கேட்கலாம் என்று அவள் அன்பாகவே சொன்னாள். நான் சொன்ன இடங்களிலெல்லாம் தானே அளவுகோலைப் பிடித்துத் தடிப்பு அளந்து சொன்னாள்.

தகடு ஏறக்குறையச் சப்பட்டையாக இருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணின் பாரத்துக்குக் கீழே கிடந்தது, நசிந்துபோயிருக்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்குள் முடிவு செய்துகொண்டேன். நெஞ்சுக்குச் செய்த தகடு நெஞ்சு மாதிரித்தானே இருக்கவேண்டும்.

மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். தகட்டு வேலை செய்கிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்குக் கேட்கவேண்டிய ஆங்கில வசனத்தை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். போர்மன் தன் தகப்பனின் ஊரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் மூச்சு எடுத்தபோது அவள் கதைக்கத் தொடங்கினாள். இப்படியே நேரம் போய்விட்டது. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் வசனம் இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது. காரில் ஏறியதும் எல்லாம் பார்த்துவிட்டாயா என்று போர்மன் கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன்.

வீட்டுக் கராஜில்தான் வேலை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கக்கூடிய கராஜ் இருக்கிறது. கார் அந்தப் பனிக்காலம் முழுக்க வெளியே பனியில் நின்றது. ஒவ்வொரு காலையும் மனைவி கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு கராஜ் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். தமிழ்க் கடையில் குங்கிலியம் வாங்கி, செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தகட்டைப் பதித்து அடிப்பதற்கு அரக்குச் செய்தேன். அதை முதலில் சமையலறையில் காய்ச்சினேன். புகை அலாரம் வீட்டைக் கூட்டியது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற அண்ணை, மன்னார்க்காரர், முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், இடுப்பில் கட்டிய சாரத்தோடு மட்டும் ஓடி மேலே வந்தார்.

"என்ன தம்பி, வீடு எரியுதோ, இல்லாட்டிப் பூசையோ?"

"அரக்குக் காய்ச்சிறன் அண்ணை."

"பூசையெண்டா சொல்லும், சட்டையைப் போட்டுக்கொண்டு வாறன்."

அன்றிலிருந்து அரக்குக் காய்ச்சுவதும் கராஜுக்குப் போனது.

வெள்ளியும் செம்பும் சொல்வழி கேட்கும். வெண்கலம் கேட்காது. செம்பைச் சூட்டோடு அடிக்கலாம், நெகிழ்ந்து கொடுக்கும். அதே பழக்கத்தில் முதல் தகட்டைச் சூடு ஆறுமுன் அடித்தேன். பிஸ்கட் மாதிரி உடைந்தது. இரண்டாவதை நன்றாக ஆறவிட்டு அடித்தேன். ஆனால் வெண்கலம் அடிக்க அடிக்க இறுகும். கொஞ்சம் அடித்ததும் திரும்ப நெருப்பில் சுட்டு இளக்கவேண்டும். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று நான் இழுத்துக்கொண்டு போனேன். அது கிழிந்தது. மூன்றாவதை அடிக்கடி சுட்டேன். அதிலும் பிழைத்தது. தகடு மங்கிய சிவப்பாக வரும்போது நெருப்பை எடுத்துவிடவேண்டும். கராஜ் யன்னலால் வந்த வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு எனக்குத் தெரியவில்லை. ஓரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிப் போனது. அன்றுதான் பனியில் போய் நின்றது.

குப்பை போடும் கறுப்புப் பைகளை யன்னலில் ஒட்டி இருட்டாக்கினேன். நாலாவது தகடு தப்பியது; முதுகுக்கான ஐந்தாவதும் தப்பியது.

அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தேன். செய்யும்போது எனக்கு அது வேலையிலேயே சிறந்த பகுதி என்றுதான் தோன்றியது.

சாமிக் கவசத்துக்கு ஒரு முறை இருக்கிறது. நாங்கள் மூலஸ்தானத்துக்குள் போகமுடியாது. ஐயர்தான் மெழுகு பூசிய துணியைச் சிலையின்மேல் அழுத்தி அச்சு எடுத்துத் தருவார். அந்த அச்சை வைத்துத் தகட்டை வளைப்போம். கல்லுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு வெற்றிலை நுழையக்கூடாது. அந்தப் பட்டறையில் வேலை நல்லதா கெட்டதா என்று பார்த்தது அதை வைத்துத்தான். போர்மனுக்கும் அப்படியே செய்வோம் என்று நினைத்தேன். மண்ணுக்குள் நசிந்துபோன வளைவை நான் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்மனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கராஜில் சின்ன ஹீட்டர் ஒன்று ஓடியது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். முறிந்த கைக்குச் சுற்றுகிற சாந்துத் துணியை மருந்துக்கடையில் வாங்கி, நனைத்து நனைத்து அவருடைய நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டினேன். அண்ணை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆளை அசையவேண்டாமெண்டு சொல்லும் தம்பி. அச்சுக் குழம்பிப்போகும்."

நான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். சொன்னதற்கு மேலாகவே செய்தார். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கற்சிலை மாதிரி நின்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இவ்வளவு ஒழுங்காக நிற்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. சாந்து காய்ந்ததும் உரித்து எடுத்தோம். அவருடைய நெஞ்சுமயிரும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அவர் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அண்ணை, "உது எந்த மொழியிலையும் விளங்கும்," என்றார்.

அந்த அச்சில் வைத்துத் தகட்டை வளைத்தேன். மார்புத் தசையின் சரிவு, தோள் எலும்பின் கீழ்க்குழி, எல்லாம் வந்தன. விலாவில் பட்டைகளைச் சாமிக் கவசத்துக்குச் செய்வதுபோல, துளைக்குள் ஆணி செருகுகிற ஆணிப் பூட்டுப் போட்டு இறுக்கினேன். வசந்தகாலம் முழுக்க வார இறுதிகள் இதிலேயே போயின. பழையதில் பச்சையாகக் கிடந்ததை நான் பொன்னிறமாகத் துலக்கினேன். முடிந்த அன்று அண்ணை வந்து பார்த்துவிட்டு, "மூண்டு அப்பச்சட்டியை ஒட்டினமாதிரித் தொடங்கிச்சு. இப்ப ராசாவுக்குரியதாயெல்லோ வந்திட்டுது," என்றார். உதைப் போட்டுக்கொண்டு 401 வேகப் பாதையில் போனால் ஒருத்தனும் குறுக்கே வெட்டமாட்டான் என்றும் சொன்னார்.

போர்மன் அணிந்து பார்க்க வந்தபோது தான் வீட்டில் செய்த வைனில் ஒரு போத்தல் கொண்டுவந்தார். நானும் அண்ணையும் இரண்டு பக்கமும் நின்று தகடுகளைப் பொருத்தி ஆணிகளைத் தள்ளினோம். ஆணி போக மறுத்தது. மூச்சைப் பிடியுங்கள் என்றேன். பிடித்தார். ஆணி போனது.

ஒரு நிமிடம் அழகாகத்தான் இருந்தது. தகடு எது, உடம்பு எது என்று தெரியாதபடி ஒட்டி நின்றது. பிறகு அவர் ஈட்டி எறிகிறமாதிரிக் கையைத் தூக்கப் பார்த்தார். முழங்கை நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டு திரும்ப முயன்றார். சிரிக்கவும் முடியவில்லை. அவருடைய மூச்சு மேல்மூச்சாகவே நின்றது.

"தம்பி, ஆளின்ர முகம் சிவக்குது. கழட்டும் கெதியா."

ஆணி இப்போது வர மறுத்தது. குறடு தேடினேன். அது கைதவறிக் கீழே விழுந்தது. அண்ணை அதை எடுத்துப் பிடுங்கினார். தகடு விலகியதும் போர்மன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று மூச்சு வாங்கினார். தகட்டின் ஓரம் அழுத்திய இடமெல்லாம் தோலில் சிவப்புக் கோடுகள்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பரவாயில்லை என்றார். கூட்டத்தன்று கொஞ்சநேரம் மட்டும் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறேன், படம் எடுத்ததும் கழற்றிவிடுகிறேன் என்றார். பிறகு கல்கரியில் மகளுடைய வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பாராம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சுவரில் மாட்டுவதற்கு! ஒரு பனிக்காலம் முழுக்க நான் அடித்தது சுவருக்கா? போத்தலைத் திறக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தேநீர் கொண்டுவந்த மனைவி கவசத்தைத் தூக்கித் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு முழுவதும் அண்ணை சொல்லியிருந்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா சாமிக்குச் செய்யிறமாதிரிச் செய்து வச்சிருக்கிறியள். சாமி மூச்சு விடாது. அந்தாள் விடவேணுமெல்லே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவளோடு கொஞ்சம் உரத்துக் கதைத்தேன். தேநீர் ஆறிப்போனது. அவள் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதனின் உடம்புக்கு நான் கவசம் செய்திருந்தேன்.

அப்படியென்றால் அந்தப் பழைய சனங்கள் எப்படி அணிந்தார்கள்? தெரிவதற்கு மறுபக்கத்தையும் ஓரங்களையும் பார்க்கவேண்டும். அடுத்த கிழமை ஒருநாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாக மியூசியத்துக்குப் போனேன். அது திரும்பவும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. முதுகு சுவர்ப்பக்கம். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன், குந்தி இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காவலுக்கு நின்றவர் என் பக்கம் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் கேட்டார். உதவி வேண்டுமா என்று அவராகவே கேட்டார். பஸ்ஸில் வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். போர்மனோடு போன அன்றைக்கு மறுபக்கத்தைப் பார்க்காமலே வந்ததையும் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தாளிட்டைச் சொன்னியளே?"

"இல்லை."

"நாளைக்கு வேலையிலை சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் போன் பண்ணிச் சொல்லுவன்."

அவள் செய்வாள். ஆகவே மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போர்மனிடம் சொன்னேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்திலேயே போனில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரி எழுதினார். அடுத்தநாள் காலை பதில் வந்துவிட்டது. மறுபக்கத்தின் படங்கள், ஓரங்களின் படங்கள், கிட்டவாக எடுத்தவை. கேட்டிருந்தால் அன்றைக்கே திருப்பிக் காட்டியிருப்பேனே என்றும் எழுதியிருந்தாள். இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்குப் பதிலாக நான் ஒரு வசந்தகாலம் முழுக்கச் சுத்தியல் அடித்திருக்கிறேன்.

போர்மனின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகடு நசியவில்லை. நசிந்த தகட்டில் மடிப்பு இருக்கும், அடித்தடம் குழம்பியிருக்கும். இதில் அடித்தடங்கள் வட்டத்துக்கு வட்டம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போயின. தொடக்கத்திலிருந்தே அது சப்பட்டைதான். ஓரத்தைச் சுற்றித் தோல் வைத்துத் தைத்த சின்னத் துளைகள். விலாப் பக்கத்தில் ஆணிப் பூட்டு இல்லை. வளையம் போடுகிற ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகள் வட்டமாக இல்லை. ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டிருந்தன. வளையம் ஆடி ஆடி வெண்கலத்தையே தின்றிருக்கிறது. அந்தத் தகடு அந்த மனிதனின் நெஞ்சில் ஒட்டி நிற்கவில்லை. அவன் ஓடும்போதும் மூச்சு வாங்கும்போதும் கொஞ்சம் தள்ளித் தொங்கிக்கொண்டு அசைந்திருக்கிறது.

முன்பக்கத்தில் தெரிந்த சப்பட்டையை நம்பியிருந்தாலே போதும். அதைத் திருத்தப் போனவன் நான்.

கோடைக் கூட்டத்துக்கு அதிக நாள் இருக்கவில்லை. புதுத் தகடு எடுத்து முதலிலிருந்து தொடங்க நேரமில்லை. செய்ததையே சப்பட்டையாக்கி, விலாவில் ஆணிப் பூட்டுக்குப் பதிலாக வளையம் போடவேண்டும். வளைக்கிறதைவிட நிமிர்த்துகிறது கடினம். கறுப்புப் பைகளைத் திரும்ப ஒட்டி, சுட்டு, ஆறவிட்டு, மரச் சுத்தியலால் தட்டினேன். நான் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த வளைவுகளை நானே ஒவ்வொன்றாகத் தட்டி அழித்தேன். மார்பின் சரிவு போனது. தோள்குழி போனது. ஒவ்வொரு அடிக்கும் எரிச்சலாக இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த மினுக்கமும் நெருப்பில் கறுத்துப்போனது.

கீழ் வட்டத்தின் ஓரத்தில் அந்த ஓசை மாறியது. சுத்தியலை வைத்துவிட்டேன். இந்தமுறை வெளியே போய் நிற்கவில்லை. விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலின் நுனியில் ஒரு துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தினேன். முதலில் உடைந்த தகட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பின்னால் வைத்து ஆணி அறைந்தேன். ஆணித் தலைகள் முன்னால் வெளிப்படையாகத் தெரிந்தன. பட்டறையில் இப்படி ஒரு வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் என் மூஞ்சியிலேயே எறிந்திருப்பார்கள். அண்ணை இந்தமுறை ஒன்றும் பகிடி சொல்லவில்லை. "சமாளிச்சிட்டீர்," என்று மட்டும் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிதான் கார் ஓட்டினாள். வேகப் பாதையில் ஓட்டுவதற்கு எனக்குப் பயம். றிச்மண்ட் ஹில்லைத் தாண்டி வடக்கே போனோம். ஒரு பண்ணையின் பின்புறத்தில் புல் வெட்டிய வெளி. கூடாரங்கள், பிள்ளைகள், சொசேஜ் சுடுகிற புகை. தலைக்கவசத்தில் இறகு குத்திய வயதான இத்தாலியர்கள் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கொண்டுபோனதைத் துணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போர்மன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முன்பு இருந்த அழகு அதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். தடித்த கம்பளிச் சட்டைக்கு மேலே அதைத் தலைவழியாகப் போட்டார். வளையங்களை அவரே கொளுவினார். ஆணியும் இல்லை, குறடும் இல்லை. கையை மேலே தூக்கினார். போனது.

பிறகு அவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள். போர்மன் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. கத்திக்கொண்டு ஓடினார். தகடு நெஞ்சில் விழுந்து விழுந்து எழும்பியது. கேடயங்கள் மோதின. சனங்கள் கைதட்டினார்கள். நான் பார்த்ததெல்லாம் தோளுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான். கைவிரல்கள் எல்லாம் உள்ளே போகும். போட்ட ஒட்டும் வெயிலில் தூரத்துக்கே தெரிந்தது. எழுந்து போய் அந்த ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே வளைத்துவிட்டு வரவேண்டும்போல எனக்குக் கை துடித்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எதற்காகப் பிடித்தாள் என்று தெரியவில்லை.

முடிந்ததும் போர்மன் வியர்வையோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கூட்டாளிகள் பின்னால் வந்தார்கள். ஒருவர் ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழையதில் இருக்கிறமாதிரியே இருக்கிறது என்று வியந்தார். அது கிழிசல் என்று நான் சொன்னேன். அவருக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. தங்களுக்கும் இப்படியே ஒவ்வொன்று செய்து தரமுடியுமா என்று எல்லோரும் கேட்டார்கள். இப்படியே. இந்த இடைவெளியோடு, இந்த ஒட்டோடு. போர்மன் எனக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரில் ஏறிக் கனதூரம் வந்தபிறகுதான் மனைவி கேட்டாள்.

"அவையளுக்கும் செய்து தாறனெண்டு ஓமெண்டு சொல்லிப்போட்டியளே?"

"இல்லை."

"அப்ப ஏலாதெண்டு சொன்னியளே?"

"இல்லை."

அவள் சிக்னலைப் போட்டுவிட்டு வேகப் பாதைக்குள் இறங்கினாள். "அப்ப வாற பனிக்கும் கார் வெளியிலைதான்," என்றாள்.